‘விழுந்தார்’ என்று எழுதி நிறுத்த வேண்டாம்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் கடலூரிலும் சிதம்பரத்திலும் மின்தடை அறிவித்து, கம்பியை உரசும் கிளைகளை வெட்டுவார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று புயல் கரையைக் கடந்தபோதெல்லாம் இதே வேலை அவசர வேலையானது. ஏணி வைத்து ஏறிய இடங்களுக்கு இப்போது ஆளைக் கூண்டில் ஏற்றி உயர்த்தும் ஸ்கை லிஃப்ட் வண்டியும் வருகிறது. கூண்டில் நிற்பவருக்கு ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

வெட்டிய கிளை கூண்டின் மேலோ அதைத் தாங்கும் இரும்புக் கையின் மேலோ விழுந்தால், கை அழுந்தி மேலே துள்ளும். பெல்ட் மாட்டாதவர் அந்தத் துள்ளலில் வெளியே தூக்கி எறியப்படுவார். மழையில் ஊறிய மண்ணில் தாங்குகால் புதைந்தால் வண்டியே சாயும். பெல்ட் மாட்டியவரும் அதோடு விழுவார். மின்சாரம் தாக்கி விழுவது இன்னொரு வகை. 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறார்.

இத்தனை வகையும் மருத்துவமனையில் நாம் எழுதும் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் ‘மரம் வெட்டும்போது விழுந்தார்’ என்ற ஒரே வரியாகிவிடுகின்றன. நோய்க் குறியீட்டில் அது டபிள்யூ 14, அதாவது மரத்திலிருந்து விழுதல் என்று பதிவாகலாம். பண்ருட்டியில் பலா மரத்திலிருந்து விழுந்தவரும் அதே கணக்கில்தான் வருவார். ஆனால் கூண்டிலிருந்து விழுபவரையும் மரத்திலிருந்து விழுபவரையும் காக்கும் வழி வேறு வேறு. பெல்ட்டைக் கூண்டிலோ அதன் கையிலோ மாட்ட வேண்டும், பக்கத்துக் கம்பத்தில் கட்டக் கூடாது என்று அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி சொல்கிறது. நம் ஊரில் எது தவறுகிறது என்று சொல்ல நம்மிடம் பதிவு வேண்டும்.

எதிலிருந்து விழுந்தார், எவ்வளவு உயரம், பெல்ட் இருந்ததா, எங்கே மாட்டியிருந்தார், வண்டி சாய்ந்ததா, மின்சாரம் தாக்கியதா, யாருக்காக வேலை செய்தார் என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு நிமிட வேலைதான். சிகிச்சைக்கும் அது உதவும்: காலூன்றி விழுந்து குதிகால் உடைந்தவரின் முதுகெலும்பையும் பார்க்க வேண்டும், மின்சாரம் தாக்கியவருக்கு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

கூலியாளின் குடும்பத்துக்கும் அந்த வரிகள் துணை. ஊழியர் இழப்பீடு பற்றிய சட்டம் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை வேலையளிப்பவரைப் பொறுப்பாக்குகிறது. அந்த உரிமையைக் கேட்டுப் போகிறவர் கையில் இருக்கும் முதல் சான்று நம் பதிவேடு. அடுத்த மழைக்குள் ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவும் இந்தக் கேள்விகளை வழக்கமாக்க வேண்டும்.