ஐந்து வகுப்பு, ஓர் அறை: யார் எங்கே உட்காருவது?

2025 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழகப் பள்ளிகளைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. இரண்டுமே, வகுப்பறையில் பிள்ளைகள் எப்படி உட்கார வேண்டும் என்பதைப் பற்றியவை.

முதலாவது, அகர வரிசை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் அது இடம்பெற்றது.

இரண்டாவது, 'ப' வடிவ இருக்கை. கடைசி பெஞ்சு என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்ற கருத்தை ஒரு மலையாளப் படம் பேசுபொருளாக்கியது. தமிழகத்திலும் 'ப' வடிவில் இருக்கை அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைகளுக்குக் கழுத்தும் கண்ணும் வலிக்கும் என்று எதிர்ப்பு எழவே, அது நிறுத்தி வைக்கப்பட்டது.

இரண்டின் நோக்கமும் நல்லதே. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான அறையை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை: ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், வரிசையாக பெஞ்சுகள். நம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் அப்படியொரு அறையே கிடையாது. பாய் விரித்த தரையில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாகவோ, இரண்டு அறைகளில் பிரிந்தோ உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அகர வரிசையும் 'ப' வடிவமும் பாதி விடைதான். மீதி விடையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சட்டமே தந்த நிலை

ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்து நடத்துவதை யாரோ ஒரு தலைமையாசிரியரின் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை, 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர்கள். ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை. அப்படியானால் 25 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வகுப்பு ஐந்து, ஆசிரியர் இருவர், அறை இரண்டு. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் அளவுகோலும் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்பதுதான். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக நாம் அதே இடத்தில்தான் நிற்கிறோம்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது யார்? சிறிய பள்ளிகள் எங்கே இருக்கின்றனவோ, அங்குள்ள பிள்ளைகள். சென்னை மாகாணத் தொழிலாளர் துறை 1920-களில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளில் நடத்திய பள்ளிகளின் தொடர்ச்சிதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். மாநிலம் முழுவதும் ஆயிரத்துக்கு மேல் இருக்கும் அந்தப் பள்ளிகளில் பெரும்பகுதி தொடக்கப் பள்ளிகள். வசதி கொஞ்சம் வந்ததும் வேன் ஏற்றி வெளியூர் ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். மிஞ்சுவது கூலிவேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள். எண்ணிக்கை குறைய ஆசிரியர் பணியிடமும் குறைகிறது. ஓர் அறைக்குள் வரும் வகுப்புகள் கூடுகின்றன.

நிமிடக் கணக்கு

ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆசிரியரிடம் மூன்று வகுப்புகள் இருந்தால், ஒவ்வொரு வகுப்புக்கும் அவர் நேராகக் கற்பிக்கும் நேரம் சராசரியாக 13 நிமிடம். உடன் வேலை செய்பவர் பயிற்சிக்கோ, கூட்டத்துக்கோ, தேர்தல் பணிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அப்போது வகுப்புக்கு 8 நிமிடம்.

மீதி 32 நிமிடம் அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கேள்வியே இதுதான். அதற்கான விடையில் பெரும்பங்கு அறை எப்படி அமைந்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

ஒரே கரும்பலகை, எல்லோரும் அதைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லும்போது ஒன்றாம் வகுப்பின் கண்ணும் காதும் அங்கேதான் போகும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதி முடித்துவிட்டு நோட்டைக் காட்டக் காத்திருக்கும். புத்தகம் பூட்டிய பீரோவில் இருக்கும். எடுக்க ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். கடைசியில், 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்பதுதான் மீதி 32 நிமிடப் பாடமாகிவிடும்.

தமிழகத்துக்குத் தெரிந்த வழி

இதற்கு வழி தெரியாத மாநிலம் அல்ல இது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலியைச் சுற்றியுள்ள ஓராசிரியர் கிராமப் பள்ளிகளில் உருவான முறையை எடுத்து, 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும், 2007-08 முதல் மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றல் என்று கொண்டுவந்தோம். அன்று அட்டையும் ஏணிப்படியும் மட்டும் வரவில்லை, அறையே மாறியது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிக் கரும்பலகை பூசி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் பிரித்துத் தந்தார்கள். அட்டைகள் பிள்ளையின் கைக்கு எட்டும் அடுக்குகளுக்கு வந்தன. ஆசிரியர் முழுதாக உதவும் குழு, ஓரளவு உதவும் குழு, சக மாணவர் உதவும் குழு, தானே கற்கும் குழு என்று வட்ட வட்டமாக உட்கார்ந்தார்கள்.

அந்த முறையில் குறைகளும் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, மாற்று வரவில்லை. நிரப்ப வேண்டிய பதிவேடுகள் கூடின. ஆனால், ஐந்து வகுப்பும் ஒரே திசையைப் பார்க்கத் தேவையில்லை என்ற பாடத்தை அது கற்றுத் தந்தது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. இங்கும் அறைக்குள் குழுக்கள்தான்.

செலவு குறைந்த ஐந்து மாற்றங்கள்

ஒன்று, திசை. குழுக்கள் வெவ்வேறு சுவரைப் பார்த்து, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி உட்கார வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் ஒவ்வொரு கரும்பலகை இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டு, தாழ்வான கரும்பலகை. பிள்ளை தரையில் உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில் அது இருக்க வேண்டும். எழுதியதை ஆசிரியர் அறையின் எந்த மூலையிலிருந்தும் பார்த்துத் திருத்தலாம். நோட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

மூன்று, பொருள்களின் இடம். நூலகப் புத்தகம், சுண்ணக்கட்டி, எண் குச்சி, அட்டை எல்லாம் பூட்டில்லாத தாழ்வான அடுக்கில் இருக்கட்டும். கேட்காமல் எடுக்கவும், எடுத்த இடத்தில் வைக்கவும் பிள்ளைகள் பழகினால், ஆசிரியரின் நேரம் மிச்சம்.

நான்கு, சத்தமும் நடையும். வாய்விட்டுப் படிக்கும் குழுவுக்கும் தனியாக எழுதும் குழுவுக்கும் இடையில் அறையின் நீளம் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு, ஆசிரியர் அதிக நேரம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். நடுவில் ஆசிரியர் தடையில்லாமல் நடக்க வழி. அவருடைய மேசை ஓரமாக, சுவரை ஒட்டி.

ஐந்து, வெளியிடம். தாழ்வாரமும் மரத்தடியும் வகுப்பறைதான். ஒரு குழு அங்கே படித்தால் உள்ளே ஒரு மூலை காலியாகும். ஆனால் ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியும் இடமாக இருக்க வேண்டும். தினமும் ஒரே குழுவை வெளியே அனுப்பக் கூடாது.

மூலை யாருடையது?

இந்தக் கடைசி வரியில்தான் நம் கவலை இருக்கிறது. அம்பேத்கர் சத்தாராவில் படித்த நாள்களில் வகுப்பறையின் ஒரு மூலையில் தனியாக உட்கார வைக்கப்பட்டார். உட்கார்ந்த கோணிச்சாக்கை வீட்டுக்கு எடுத்துப் போய் மறுநாள் எடுத்து வர வேண்டும். பள்ளிப் பணியாளர் அதைத் தொடமாட்டார். தண்ணீரும் பணியாளர் குழாயைத் திறந்துவிட்டால்தான். 'காத்திருக்கும் விசா' என்ற தன் நினைவுக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். இருக்கை அமைப்பு என்பது நமக்கு வெறும் கல்வியியல் பாடம் அல்ல.

ஊர்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளியில் அகர வரிசை ஒரு பாதுகாப்பு. தெருவைப் பார்த்தோ சாதியைப் பார்த்தோ உட்கார வைக்க அது இடம் தராது. ஆனால் பல வகுப்புகள் சேர்ந்த அறையில் பிள்ளைகள் கற்றல் நிலைப்படி குழுவாகப் பிரிந்தவுடன் அகர வரிசை கலைந்துவிடும். கலையத்தான் வேண்டும், அதில் தவறில்லை. ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. வீட்டில் எழுத்து சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள் அரும்பில் தொடங்குவார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே தெருவிலிருந்து வந்தவர்களாக இருந்து, ஆண்டு முழுவதும் அதே குழுவில், அதே மூலையில் இருந்தால், பெயர் அரும்பு என்றாலும் அது பழைய மூலைதான்.

இதைத் தடுக்க மூன்று வழக்கங்கள் போதும். தமிழில் அரும்பில் இருக்கும் பிள்ளை கணக்கில் மலரில் இருக்கலாம். பாடத்துக்குப் பாடம் குழு மாற வேண்டும். குழுக்கள் உட்காரும் இடம் வாரம் ஒருமுறை சுற்றி வர வேண்டும். எந்த மூலையும் யாருக்கும் நிலையாகக் கூடாது. அறையைப் பெருக்குவது, பாய் விரிப்பது, தண்ணீர் எடுத்து வைப்பது ஆகியவற்றுக்கு அகர வரிசைப்படி முறை போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். ஆணும் பெண்ணும் சமமாகச் செய்ய வேண்டும். கழிவறையைச் சுத்தம் செய்வது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. தலித் பிள்ளைகளை மட்டும் அதற்கு அனுப்பிய செய்திகள் இந்த மாநிலத்திலேயே வந்திருக்கின்றன.

அமைப்பு மாறினால் ஆசிரியர் வேண்டாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. அறையை நன்றாக அமைத்தால் இரண்டு ஆசிரியரே போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. நல்ல அமைப்பு 32 நிமிடக் காத்திருப்பைப் படிப்பாக மாற்றும். 8 நிமிடத்தை 40 ஆக்காது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கோரிக்கை அப்படியே நிற்கட்டும். அது நிறைவேறும் வரை, இன்று ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் காக்க வைக்க முடியாது என்பதற்காகத்தான் அறையைப் பற்றிப் பேசுகிறோம்.

'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அறிவித்தார். நலத்துறை விடுதிகள் 'சமூக நீதி விடுதி' ஆயின. பெயர்கள் மாறுவதை வரவேற்போம். அடுத்து மாற வேண்டியது, பள்ளிக்குள் நம் பிள்ளைக்குக் கிடைக்கும் நேரம்.

செய்ய வேண்டியது

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் உண்டு. கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு நிற்காமல், தாழ்வான கரும்பலகையும் திறந்த அடுக்கும் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். ஆசிரியர் காலிப் பணியிடத்தைக் கிராம சபையில் எழுப்புங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது.

ஊரில் இருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும், ஆசிரியர் பயிற்சி படிப்பவர்களுக்கும் ஒரு வேலை. தலைமையாசிரியரின் அனுமதியோடு ஒருநாள் உங்கள் பழைய பள்ளிக்குப் போய் உட்காருங்கள். ஒரு தாளில் அறையை வரைந்து, எந்தக் குழு எங்கே, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று குறியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஆசிரியர் தந்த நிமிடத்தையும், பிள்ளைகள் சும்மா காத்திருந்த நிமிடத்தையும் எழுதுங்கள். ஆசிரியரைக் குற்றம் சொல்வதற்காக அல்ல. ஐந்து வகுப்பைச் சுமக்கும் அவருக்கும் அந்தத் தாள் சாட்சியாக இருக்கும். அதை அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள்.