கட்டளை வரியில் ஓர் அத்திவாரம்

ஈழத்தமிழர் இணையத்தில் எழுதத் தொடங்கிய 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் செய்திகள், கட்டுரைகள், மரண அறிவித்தல்கள் எனப் பெருந்தொகையானவை பாமினி எழுத்துருவில் பதிவாகின. அதில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அதனை வாசிக்க இயலாது. தேடுபொறிக்கும் அது தமிழன்று. இவை ஒருங்குறிக்கு மாற்றப்படாவிடின் ஒரு தலைமுறையின் எழுத்து இருந்தும் இல்லாததாகிவிடும்.

மாற்றும் நிரல்கள் எழுதப்படாமல் இல்லை. சிட்னியின் பிளாக்டவுனிலாயினும் ரொறன்ரோவிலாயினும் தன்னார்வலர் ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதும் நிரல், பெரும்பாலும் அவரது மடிக்கணினியிலேயே தங்கிவிடுகின்றது. அவர் விலகினால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகின்றது. இங்கு குறை திறமையில் இல்லை; கையளிக்கத்தக்க வடிவில் வேலை அமையாததே குறை.

இதற்கான வழி நிரலாளரின் அன்றாடத் தொழிலிலேயே உள்ளது. ரஸ்ட் மொழியில் 'கார்கோ நியூ' எனக் கட்டளையிட்டுத் திட்டத்தின் பெயரைக் கொடுத்தால், விபரக் கோப்பு, இயங்கத்தக்க சிறு நிரல், கிட் களஞ்சியம் ஆகியன நொடியில் உருவாகின்றன. கோ மொழிக்குக் கோப்ராவும் நோட் சூழலுக்கு ஓக்ளிஃபும் கட்டளை வரிச் செயலிகளுக்கென்றே சட்டகம் அமைத்துத் தருகின்றன. 2013இல் வெளிவந்த குக்கிகட்டர், அமைப்புகள் தமக்கெனத் தனி வார்ப்புருவை வகுக்க இடமளிக்கின்றது. திட்டத்தின் பெயர், உரிமம் போன்ற சில கேள்விகளுக்குப் பதிலளித்தால் முழு அடைவும் தயாராகிவிடும்.

தமிழ்ப் பணிக்கான வார்ப்புருவில் தமிழில் எழுதிய பயன்பாட்டுக் குறிப்பு, திறந்த உரிமம், பராமரிப்போர் விபரம் ஆகியவற்றோடு சோதனை மாதிரிகளும் இருத்தல் வேண்டும். பாமினியில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னே பதிவாகும். ஒருங்குறியில் ககரமே முன்னே நிற்கும். 'கொ'வில் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கும். ஒருங்குறியில் அவை ஒரே குறியாகும். இத்தகைய இடங்களிலேயே மாற்றிகள் தவறுகின்றன. இதற்கான சோதனைகள் சட்டகத்திலேயே இருந்தால், அடுத்து வருபவர் அதே தவறை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஐம்பது வரி நிரலுக்கு இத்தனை கோப்புகள் எதற்கு எனச் சிலர் கேட்கக்கூடும். தொலைந்து போவன அந்த ஐம்பது வரி நிரல்களே என்பதுதான் பதில். ஆயினும் சட்டகம் தானாக வேலை செய்யாது. கவனிப்பாரற்ற வார்ப்புருவும் காலப்போக்கில் பழுதடையும். ஆகவே அதனைத் தனியொருவரிடம் விடாது ஓர் அமைப்பே பொறுப்பேற்க வேண்டும்.

பிளாக்டவுன், செவன் ஹில்ஸ் பகுதிகளில் கணினித் துறையில் பணியாற்றும் தமிழர் பலர் உள்ளனர். அவர்களிற் சிலர் ஒரு வார இறுதியில் கூடினால் முதல் வார்ப்புரு உருவாகிவிடும். பழைய வன்தட்டுகள் பழுதடைந்த பின்னர் எந்தக் கட்டளையும் அந்த எழுத்துகளை மீட்டுத் தராது.