ரம்பமும் வம்பும்

எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்று திண்ணைதோறும் வழக்காடியது நம் தாத்தாக்களின் தலைமுறை. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் நான் கேட்டு வளர்ந்த வழக்கோ வேறு: ஸ்டீலா, ஹஸ்க்வர்னாவா? இரண்டும் மரம் அறுக்கும் மெஷின்கள். நண்பர்கள் சிரிக்கலாம், சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வீசியபோது வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் பகுதித் தெருக்களில் தூங்குமூஞ்சி மரங்கள் குறுக்கே கிடந்தன. கோடாரிக்கு ஒரு பகல் வேலையை இந்த மெஷின் அரை மணியில் முடித்ததைப் பள்ளிச் சிறுவனாக வாய் பிளந்து பார்த்தேன். அன்று முதல் மெஷின்காரர்களே எங்கள் கதாநாயகர்கள். என் சித்தப்பா அவர்களுள் ஒருவர்.

அவர் ஸ்டீல் கட்சி. இங்கே ஸ்டீல் என்றால் எஃகு அன்று. 1926-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஆந்திரியாஸ் ஸ்டீல் என்பாரின் பெயர். சித்தப்பாவின் கூட்டாளியை நாங்கள் மாமா என்போம். அவர் ஹஸ்க்வர்னா கட்சி. 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கி, 1959 முதல் ரம்பம் செய்து வரும் சுவீடன் நாட்டு நிறுவனம் அது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு மெஷின்களுக்குமே நிறம் ஆரஞ்சு. தூரத்தில் நிற்பவனுக்கு எது யாருடையது என்றே விளங்காது.

வாதத்தில் நியாயம் இருந்ததா? ஒருவர் தம் இருபது அங்குல மெஷினை மற்றவரின் பதினாறு அங்குலத்தோடு ஒப்பிடுவார். இவர் அன்று காலைதான் அரம் போட்டிருப்பார். அவர் சங்கிலியோ முந்தின நாள் ஆணியில் பட்டு மழுங்கியிருக்கும். மரத்தை அறுப்பது சங்கிலியின் பற்கள்தாம். கம்பெனிப் பெயர் அன்று. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, வண்டின் புழு கட்டையைக் குடைந்து செல்வதை உற்று நோக்கி, அதன் தாடைகளைப் போலப் பல் அமைத்து 1947-இல் புதுச் சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. கூரான சங்கிலி செதிள் செதிளாகத் தள்ளும். மழுங்கியது மாவாகக் கொட்டும். கொட்டுவதைப் பார்த்தே யார் தோற்பார் என்று சொல்லிவிடலாம். இதைக் கடையில் எவரும் பேசியதில்லை. இருவரிடமும் தலைக்கவசமோ முகமறைப்போ இல்லை என்பதையும்தான்.

ஒரு நாள் வாய் தடித்தது. "கடன் வாங்கி வாங்கின மெஷினுக்கு இவ்வளவு பேச்சா?" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். மாமா பாதித் தேநீரோடு எழுந்து போனார். மூன்று மாதம் பேச்சில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வெள்ளம் வடிந்தபின் முடிச்சூரில் ஒரு மரத்தை அறுக்கச் சித்தப்பா தனியே போனார். கிளையைப் பிடிக்கவும் எச்சரிக்கவும் பக்கத்தில் ஆள் இல்லை. ரம்பத்தின் நுனி மறைந்திருந்த கிளையில் பட, மெஷின் முகத்தை நோக்கி எகிறியது. முன் தடுப்பு கையில் மோதிப் பிரேக் விழுந்ததால் நெற்றிக் காயத்தோடு பிழைத்தார். மருத்துவமனைக்கு முதலில் ஓடி வந்தவர் மாமாதான்.

மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைக்கிறான். கூடவே, பகைவரிடத்தும் சினமும் பூசலும் வேண்டாம் என்கிறான். கடவுளைப் பற்றிய வாதத்துக்கே அந்த விதி என்றால், பெட்ரோல் மெஷினுக்குச் சொல்ல வேண்டுமா? எதிராளியின் சங்கிலிக்கும் அரம் போட்டுக் கொடுத்துவிட்டுப் பந்தயத்துக்கு நிற்பவனே வாதம் செய்யத் தகுந்தவன் என்பது என் துணிபு. விடுதியில் பைக்குக்கும் கைப்பேசிக்கும் நாள்தோறும் முட்டிக்கொள்ளும் நண்பர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்தப் பொங்கலுக்கு அப்படியே ஒரு பந்தயம் நடந்தது. ஒரே வேப்பங்கட்டை, இருவருக்கும் பதினெட்டு அங்குலம், இரண்டு சங்கிலிக்கும் ஒரே கையால் அரம். நேரம் பார்த்தவன் நான். முதல் சுற்றில் சித்தப்பா இரண்டு விநாடி முந்தினார். மெஷினை மாற்றிக்கொண்டார்கள், அப்போதும் சித்தப்பாவே முந்தினார். "கட்டையில் கணு இருந்தது" என்றார் மாமா. இருந்ததா என்று குனிந்து தேடியவர் சித்தப்பா.