கேட்டு உண்பது வெட்கமா?

 

முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஆண்டிமடத்தில் அமர்ந்துகொண்டு உல்லாசக் கப்பலின் உணவு மேசையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கப்பல் நம் மண்ணுக்கு அந்நியமானதன்று. நமக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட அரசன்தான் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்துக்குப் படைக்கப்பல்களை அனுப்பினான். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’வில் ஏறி நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றோர் நம் குடும்பங்களில் உண்டு. மும்பையிலிருந்து புறப்பட்ட ஹஜ் கப்பல்கள் 1995 வரை ஓடின. பிழைப்புக்கும் வணக்கத்துக்கும் நாம் கப்பல் ஏறியிருக்கிறோம். உண்பதற்கும் உல்லாசத்திற்கும் என்றே ஏறும் கப்பல்தான் நமக்குப் புதியது.

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் ‘கார்டீலியா’ நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலைத் தமிழக முதல்வர் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எனப் பயணம் சென்றது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து, அங்கிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் ஏற்றிக் காட்டுகிறார்கள். இதனால்தான், மக்தபுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தகப்பனார்கள் நம்மிடம் இப்போது இப்படியும் கேட்கிறார்கள்: “உஸ்தாத், கப்பலில் தனி உணவகம் இருக்கிறதாம். முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்கிறார்கள். அங்கே சாப்பிடலாமா?”

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் சமுதாயத்தில் அதற்குக் கிடைக்கும் பதில்கள் நல்லவையாக இல்லை. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் அந்த ஏற்பாடு என்னவென்று தெரிந்துகொள்வோம். உல்லாசக் கப்பல்களில் பொதுவாகப் பயணச்சீட்டின் விலைக்குள்ளேயே பொதுச் சாப்பாட்டுக் கூடமும் பஃபே விருந்தும் அடங்கிவிடும். அவை போக சீன, ஜப்பானிய, இத்தாலிய உணவுகளுக்கென்று சிறப்பு உணவகங்கள் இருக்கும். அங்கே அமர ஆளுக்கு இவ்வளவு என்றோ, உண்ட உணவுக்கு இவ்வளவு என்றோ தனிக் கட்டணம் உண்டு. இடங்கள் குறைவு. ஆகவே கப்பல் புறப்படும் முன்பே இணையத்தில் நாளையும் நேரத்தையும் குறித்துப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்துவிட்டுப் போகாவிட்டால் பணம் பிடித்துக்கொள்ளும் கப்பல்களும் உண்டு.

இதற்கு நம்மவர்கள் சொல்லும் முதல் பதில்: “கப்பலில் சூதாட்டக் கூடம் இருக்கிறது, மதுக்கூடம் இருக்கிறது. கப்பல் ஏறுவதே ஹராம். பேச்சு முடிந்தது.” சூதாட்டக் கூடம் பற்றிய கவலை நியாயமானதே. 2022-இல் அதைக் காரணம் காட்டிப் புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்து, கப்பல் அங்கே நிற்க அனுமதி கிடைக்கவில்லை. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர் என்பதையும் நினைவில் வைப்போம். பேணுதலுக்காக இத்தகைய பயணத்தையே தவிர்ப்பவரை நாம் மதிக்கிறோம். அவருக்கு நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ். ஆனால் தீர்ப்பை மட்டும் வீசிவிட்டுப் போகிறவரிடம் நாம் கேட்கிறோம்: மதுக்கூடம் உள்ள ஹோட்டல்களில் நடக்கும் வலீமா விருந்துகளுக்கு நாம் செல்வதில்லையா? மது விற்கும் விமான நிலையங்கள் வழியாக உம்ராவுக்குச் செல்வதில்லையா? அங்கெல்லாம் ஒதுங்க வேண்டியதை விட்டு ஒதுங்கி நம் வேலையைப் பார்க்கத் தெரிந்த நமக்கு, கப்பலில் மட்டும் வழிகாட்டத் தெரியாமல் போனது ஏன்? ‘ஏறாதே’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஆலிம் நிறுத்திக்கொண்டால், ஏற முடிவு செய்தவர் எந்த அறிவுரையும் இல்லாமல் ஏறுகிறார்.

இரண்டாவது பதில் இதற்கு நேர் எதிரானது: “சைவம் சாப்பிட்டால் தீர்ந்தது. இல்லையென்றால் மீன், இறால் சாப்பிடலாம். எதற்கு இவ்வளவு கேள்வி?” கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதில் ஓட்டைகள் பல. பச்சைப் புள்ளி, உணவில் மாமிசம் இல்லை என்றுதான் சொல்கிறது. மது இல்லை என்று சொல்லவில்லை. ஜப்பானியச் சமையலில் சாக்கே, மிரின் என்னும் அரிசி மதுக்கள் வழக்கமாகச் சேர்க்கப்படுபவை. சீனச் சமையலில் ஷாவ்சிங் மது உண்டு. இத்தாலியச் சாறுகளில் திராட்சை மது ஊற்றுவார்கள். திரமிசு என்னும் இனிப்பிலும் பல பிளம் கேக்குகளிலும் மது கலப்பது அந்தந்தச் சமையலின் இயல்பு. இவற்றில் இறைச்சி ஒரு துண்டு இல்லாமலிருக்கலாம். அதனால் நமக்கு ஆகுமானதாகிவிடுமா?

கடலுணவிலும் நாம் அறிய வேண்டியது உண்டு. ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகும். நண்டு, கணவாய் கூடாது. இறால் மீன் வகையைச் சேர்ந்ததா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கடலுணவுக்கான அனுமதி இதைவிட விரிவானது. ஆகவே கடலோர ஊரிலிருந்து வந்த மருமகனும் நம் பக்கத்து மாமனாரும் ஒரே மேசையில் அமர்ந்தால், ஒருவருக்கு ஆகுமானது மற்றவருக்கு ஆகாமல் போகலாம். ‘கடலுணவு’ என்ற ஒரே சொல்லில் இத்தனையையும் மூடி வைப்பது அறிவுடைமையாகாது. அந்த மீனைப் பொரித்த எண்ணெயில் அதற்கு முன் என்ன பொரிந்தது என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது.

மூன்றாவது பதில்தான் நம்மை மிகவும் வருத்துகிறது. “கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இன்றைய காலத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது.”

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. மகன் வெளிநாட்டில் நன்றாகச் சம்பாதிக்கிறார். பெற்றோரை மூன்று இரவுக் கப்பல் பயணத்திற்கு அழைத்துச் சென்றார். எந்தக் கப்பல் என்பது இங்கே தேவையில்லை. சிறப்பு உணவகத்தில் ஒரு வேளைக்குத் தனியாகப் பணம் கட்டி இடமும் பிடித்தார். மூன்று நாளும் அந்தத் தாய் ரொட்டியும் வாழைப்பழமும் தேநீருமாகவே கழித்தார். பணம் கட்டிய மேசையிலும் அவர் முன்னே தண்ணீர்க் குவளைதான் இருந்தது. “இறைச்சி ஹலாலா என்று சமையற்காரரைக் கேட்டீர்களா?” என்று பின்னர் மகனிடம் கேட்டோம். “கேட்கவில்லை உஸ்தாத். என்ன நினைப்பார்களோ என்று இருந்துவிட்டேன்” என்றார். அங்கே அந்த உணவு ஹலாலாக இருந்ததா, இல்லையா? இன்றுவரை அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒரு தாய் மூன்று நாள் அரைவயிற்றோடு இருந்ததற்கு அந்தக் கப்பல் காரணமா, நம் கூச்சம் காரணமா?

இப்போது வேறொரு சமுதாயத்தைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஜைனர்கள் நூற்றுக்கு அரை பேர் கூட இல்லை, சுமார் 0.4 சதவீதம். முஸ்லிம்கள் 14.2 சதவீதம். ஆனால் இந்தியக் கப்பலின் விளம்பரத்தில் ஜைன உணவு உண்டு என்று அச்சிட்டிருக்கிறார்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு போன்ற மண்ணுக்குள் விளைபவை சேராத உணவு அது. விமானத்திலும் ஜைன உணவு உண்டு. பெரிய ஹோட்டல்களிலும் உண்டு. எப்படி வந்தது? செல்லும் இடமெல்லாம் அவர்கள் கேட்டார்கள். பதிவு செய்யும்போதே கேட்டார்கள். இல்லை என்றால் வேறிடம் சென்றார்கள். வியாபாரி புரிந்துகொண்டான். அவர்கள் கேட்டதை யாரும் அடாவடி என்று சொல்லவில்லை. தம் மார்க்கத்தைப் பேணும் கண்ணியமான மக்கள் என்றே மதித்தார்கள்.

சிங்கப்பூர் பக்கம் நிலைமை என்ன? அங்கிருந்து புறப்படும் ‘ஜென்டிங் ட்ரீம்’ கப்பலில் ஹலால் சான்று பெற்ற உணவகம் உண்டு. மலேசிய, சிங்கப்பூர், இந்தோனேசிய முஸ்லிம்கள் அங்கே பெரிய வாடிக்கையாளர்கள். உணவு ஹலாலா என்று கேட்காமல் சீட்டு வாங்காதவர்கள் அவர்கள். கப்பல் முதலாளி நம் மார்க்கத்தின் மீது கொண்ட காதலால் அந்த அடுப்பு எரியவில்லை. வாடிக்கையாளர் கேட்டதால் எரிகிறது. நம்மவர்கள் கேட்டால் சென்னைக் கப்பலிலும் எரியாதா?

கேட்பது சலுகை அன்று, உரிமை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரத்தையும் தன்மையையும் அறிந்துகொள்ளும் உரிமையை ஒவ்வொரு நுகர்வோருக்கும் தந்திருக்கிறது. முழுப் பணம் கொடுத்து உண்ணும் நாம், தட்டில் இருப்பது என்ன என்று பணிவாகக் கேட்பதில் யாரைப் புண்படுத்துகிறோம்? உம்ரா ஏஜென்டிடம் சென்றால் “மக்காவில் நம்மூர்ச் சாப்பாடு உண்டா, ரசம் ஊற்றுவார்களா?” என்று பத்து முறை கேட்கிறோம். ரசத்துக்காகக் கூசாத நாக்கு ஹலாலுக்காகக் கூசுகிறது என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? சிந்திக்க வேண்டாமா?

ஆகவே, செல்வதென்று முடிவு செய்தவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே நான்கு கேள்விகளை எழுத்தில் அனுப்பட்டும். ஒன்று: ஆடு, கோழி இறைச்சிக்கு ஹலால் சான்று உண்டா, சான்று அளித்தவர் யார்? இரண்டு: நாம் உண்ண விரும்பும் உணவுகளில் மது அல்லது மிரின் சேர்கிறதா, அது சேர்க்காமல் சமைத்துத் தர முடியுமா? மூன்று: நமக்கான உணவுக்குத் தனிச் சட்டியும் தனி எண்ணெயும் கிடைக்குமா? நான்கு: இரவுச் சாப்பாட்டுக்கு மஃரிப் தொழுகை முடிந்த பிறகு இடம் தருவார்களா?

நான்காவது கேள்வியைச் சிறிதென்று நினைக்க வேண்டாம். மாலை ஆறு, ஆறரை மணிக்கு மேசையைப் பதிவு செய்துவிட்டு, சூப்பு வரும் நேரத்தில் மஃரிப் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருப்போர் உண்டு. பயணிக்கு நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கும் சலுகை உண்டு; மஃரிப் மூன்று மூன்றுதான். ஷாஃபிஈ மத்ஹபில் அதை இஷாவோடு சேர்த்துத் தொழவும் வழி உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர அவ்வாறு சேர்ப்பதற்கில்லை. எனவே நேரத்தைப் பதிவு செய்யும்போதே தொழுகையையும் நினைவில் கொள்ளுங்கள்.

பதில் எழுத்தில் வந்தால் மகிழ்ச்சியோடு செல்லுங்கள். பதில் வராவிட்டாலோ, மழுப்பினாலோ அந்தச் சிறப்பு உணவகத்துக்குப் பணம் கட்டாதீர்கள். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகையால் மதுக்கூடத்தோடு ஒட்டிய உணவகம் என்றால், உணவு ஹலாலாகவே இருந்தாலும் விலகிக்கொள்வதே சிறந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பயணச்சீட்டில் அடங்கிய பொதுக் கூடத்திலேயே ஹலால் உணவு உறுதியாகக் கிடைக்கிறது என்றால், கூடுதல் பணம் கட்டித் தனி மேசை தேடுவது எதற்காக? வயிற்றுக்காகவா, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காகவா? தாய் தகப்பனை ஒருநாள் நல்ல மேசையில் அமர்த்தி மகிழ்விப்பதை நாம் குறை கூறவில்லை. அது நன்மை. ஆனால் கட்டிவிட்ட பணத்துக்கு மேல் கட்டி, அள்ளிய உணவைப் பாதியில் விட்டு எழுவதை அல்லாஹ் வெறுக்கும் வீண்விரயம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? கூடுதல் பணம் ஹலாலுக்கு உறுதி தருமானால் அது செலவு. பெருமையை மட்டும் தருமானால் அது விரயம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்துக் குடும்பங்கள் தனித்தனியே கேட்பதைவிட, ஒரு ஜமாஅத்தின் முத்திரையிட்ட கடிதம் கப்பல் நிறுவனத்தின் மேசையில் கனமாக விழும். ஜைன உணவைப் போல ஹலால் உணவையும் பதிவுப் பக்கத்திலேயே தெரிவு செய்யும் வசதி வேண்டும் என்று எழுதுங்கள். கண்டனமாக வேண்டாம், வாடிக்கையாளரின் கோரிக்கையாகவே எழுதுங்கள்.

நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஹலாலைத் தேடுவது கடமை என்று மதரஸாவில் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். மேசை முன் அமர்ந்த தகப்பனார் பரிமாறுபவரிடம் புன்னகையோடு, “தம்பி, இது ஹலாலா?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், நாம் ஓராண்டு நடத்தும் பாடம் அங்கே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நம் வயிற்றில் ஹலாலானதையே சேர்ப்பானாக! அதைக் கேட்டுப் பெறும் துணிவையும் கண்ணியத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.