விவாதமா, விதண்டாவாதமா?



நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு கருத்து வேற்றுமை எழுகிறது. சற்று நேரத்தில் குரல்கள் உயர்கின்றன. கலைந்து செல்லும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எதைப் பற்றிப் பேசத் தொடங்கினோம் என்று கேட்டால் எவருக்கும் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. ஏன் இப்படி ஆகிறது?

கருத்து வேறுபட்டதால் அன்று. முடிவை முதலில் செய்துகொண்டு, அதற்குரிய காரணங்களைப் பிறகு தேடுவது மனித இயல்பு. அப்படித் தேடிப் பிடித்த காரணத்தை ஒருவர் மறுத்துவிட்டால், மறுக்கப்பட்டது காரணம் மட்டுமே என்று நமக்குத் தோன்றுவதில்லை. நம் மானமே போய்விட்டதாகத் தோன்றுகிறது. அந்தக் கணத்தில் விவாதம் முடிந்து சண்டை தொடங்குகிறது.

மத்ரஸாக்களில் 'முனாளரா' என்னும் விவாதக் கலை தனிப் பாடமாகவே கற்பிக்கப்பட்டு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஜவ்ன்பூரில் வாழ்ந்த அப்துர் ரஷீத் அவர்களின் 'ரஷீதிய்யா' அப்பாடத்திற்குரிய நூல்களுள் ஒன்று. இக்கலையினர் மனிதரின் வாதங்களை மூன்றாகப் பிரித்தனர். உண்மை வெளிப்பட வேண்டும் என்று பேசுவது முனாளரா. எதிராளியின் வாயை அடைக்கப் பேசுவது முஜாதலா. இரண்டுமின்றி வெறும் வீம்புக்காகப் பேசுவது முகாபரா. இந்திய நியாய நூலாரும் வாதம், ஜல்பம், விதண்டை என மூன்றாகப் பிரித்தனர். தனக்கென ஒரு கொள்கையை நிலைநாட்டாமல் பிறர் கூற்றை இடிப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. நாம் அன்றாடம் சொல்லும் 'விதண்டாவாதம்' அங்கிருந்து வந்ததே!

முனாளராவில் கேள்வி கேட்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. அவற்றை ஒரு குடும்பத்தில் வைத்துப் பார்ப்போம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. "வெளியூர் விடுதி பாதுகாப்பில்லை, அனுப்ப மாட்டேன்" என்கிறார் வாப்பா. அனுப்ப வேண்டும் என்கிறார் சாச்சா.

முதல் வழி, ஆதாரம் கேட்பது. "காக்கா, அந்த விடுதி பாதுகாப்பில்லை என்பது எப்படித் தெரிந்தது? போய்ப் பார்த்தீர்களா?" இரண்டாவது, அதே காரணம் வேறிடத்தில் செல்லுமா என்று காட்டுவது. "வெளியூர் என்பதுதான் தடையென்றால், நாளை அதே ஊரில் ஒரு மாப்பிள்ளை அமைந்தால் கட்டிக் கொடுக்க மாட்டோமா?" மூன்றாவது, மாற்று முடிவுக்குத் தனிச் சான்று தருவது. "அவள் விரும்பும் படிப்பு நம் ஊரில் இல்லை, அந்த ஊரில் நம் மாமி வீடு இருக்கிறது, வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்." இவற்றுக்கு வாப்பாவும் தக்க பதில் சொல்லலாம். மாமிக்கு உடல்நலமில்லை என்று தெரியவரலாம். எப்படியாயினும் பேச்சு முன்னே நகர்கிறது.

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? "உன் பிள்ளைகளை நீ வளர்த்த லட்சணம் தெரியாதா?" என்று ஒருவர் கேட்கிறார். பழைய சொத்துத் தகராறை மற்றவர் இழுக்கிறார். இரண்டு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. அதற்குள் கல்லூரியில் இடம் நிரம்பிவிடுகிறது. தோற்றவர் அண்ணனுமல்லர், தம்பியுமல்லர். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்!

அப்படியானால் விவாதமே வேண்டாமா? வேண்டும். 2011ஆம் ஆண்டு ஹ்யூகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் என்னும் அறிஞர்கள் ஒரு கருத்தை முன்வைத்தனர். மனிதனின் பகுத்தறிவு தனியே சிந்திப்பதைவிட, பிறரோடு வாதிட்டு ஏற்கச் செய்வதற்கே பெரிதும் அமைந்தது என்பது அவர்கள் கூற்று. தன் வாதத்தின் ஓட்டை ஒருவனுக்குத் தெரிவதில்லை. பிறர் வாதத்தின் ஓட்டை உடனே தெரிந்துவிடுகிறது. தனியே விடப்பட்டால் பத்தில் ஒருவரே சரியாக விடை காணும் ஒரு தர்க்கப் புதிரை, கூடிப் பேசும் குழுக்களில் பெரும்பாலானவை சரியாக விடுவித்துவிடுவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. நம் முதுகில் ஒட்டியிருக்கும் தூசியைப் பின்னால் நிற்பவர் சொன்னால்தானே அறிகிறோம்? அதைச் சொல்பவர் மீது கோபம் எதற்கு?

இமாம் கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுத்து எழுதியதை அறிவோம். அவர்களுடைய கொள்கைகளை உள்ளவாறே எடுத்துரைத்து 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா' என்ற நூலையும் அவர் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, பெரும்பாலும் முன்னுரையின்றிப் பரவிய அந்நூலைப் படித்த ஐரோப்பியர், கஸ்ஸாலியையே அத்தத்துவவாதிகளுள் ஒருவராக எண்ணிவிட்டனர்! மறுக்கப் போகும் கருத்தை அத்தனை நேர்மையாக எடுத்துரைத்திருந்தார் அவர்.

வாசகர்களே! அடுத்த முறை வீட்டில் வாக்குவாதம் எழும்போது, பதில் சொல்லும் முன் எதிரிலிருப்பவரின் கூற்றை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள். "நீங்கள் சொல்வது இதுதானே?" என்று கேளுங்கள். "ஆம்" என்று அவர் ஒப்பிய பிறகே மறுக்கத் தொடங்குங்கள். பாதிச் சண்டைகள் அந்த "ஆம்" வருவதற்குள்ளேயே அடங்கிவிடும். எஞ்சியவை, பேசித் தீர்க்க வேண்டிய உண்மையான கேள்விகளாக இருக்கும்.