சிரிக்கவும் அழவும் மட்டுமா சென்னைத் தமிழ்?

ராயபுரத்துக் கானா பாடகி இசைவாணியை 2020-இல் பிபிசி தனது நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அப்போது வந்த பாராட்டுகள் பெரும்பாலும் ‘ஆண்களின் கலையில் ஒரு பெண்’ என்பதோடு நின்றுவிட்டன. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கானாவின் மொழியான சென்னைத் தமிழுக்கு நாம் நெடுங்காலம் இரண்டே வேலைகளைத்தான் கொடுத்து வைத்திருந்தோம்: சினிமாவில் சிரிக்க வைப்பது, சாவு வீட்டில் அழ வைப்பது. அந்தப் பேச்சை நியாயம் கேட்கும் மொழியாக மேடையேற்றியதுதான் இசைவாணி தலைமுறையின் பெரிய காரியம்.

சந்திரபாபு முதல் லூஸ் மோகன் வரை திரையில் இந்தத் தமிழ் பேசியவர்கள் அசாத்தியக் கலைஞர்கள். ஆனாலும், கதாநாயகன் உருக்கமாகப் பேச வேண்டிய இடம் வந்தால் வேறு தமிழுக்கு மாறிவிடுவதே வழக்கம். சாவு வீட்டுக் கானாவின் நிலை வேறு. இறந்தவரின் பெயர், பார்த்த தொழில், பெற்ற பிள்ளைகள், போன விதம் எல்லாவற்றையும் வீட்டாரிடம் கேட்டறிந்து, பந்தலடியில் உட்கார்ந்து விடிய விடியக் கட்டிப் பாட வேண்டும். எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்ற பிரிவினை அங்கே கிடையாது. ‘இருக்கிறது’ என்பது ‘கீது’ என்றும் ‘இழுத்து’ என்பது ‘இஸ்து’ என்றும் சுருங்குவதைக் கொச்சை என்பார்கள். தாளத்தோடு கேட்டால்தான் தெரியும், அந்தச் சுருக்கம் அடி விழும் இடத்தில் கச்சிதமாக உட்காருவது. இந்தத் தேர்ச்சி இருந்தும், சட்டம் படித்த கானா பாலா பரவலாக அறியப்பட 2012-இல் ‘அட்டகத்தி’ படம் வரவேண்டியிருந்தது.

2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில், தென்மாவின் இசையில், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. அயோத்திதாசர் முன்வைத்த ‘சாதியற்ற தமிழர்’ என்ற எண்ணத்திலிருந்து வந்த பெயர் அது. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, ஆணவக்கொலை எல்லாம் பாட்டாயின. பெண்களை அனுமதிக்கும் சபரிமலைத் தீர்ப்பு விவாதத்தையொட்டி அக்குழுவின் இசைவாணி பாடிய பாடலுக்கு, ஆறாண்டு கழித்து 2024 நவம்பரில் புகார்களும் மிரட்டல்களும் கிளம்பின. பாட்டோடு உடன்படாதவர்களுக்கு மறுத்துப் பேச எல்லா உரிமையும் உண்டு; மிரட்ட இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நகைச்சுவைத் துணுக்காக இருந்தவரை இந்தத் தமிழுக்கு யாரும் மறுப்பு எழுதவில்லை.

கானாவில் பெண்களை இழிவுபடுத்தும் பாட்டும் கத்தியைக் கொண்டாடும் பாட்டும் இல்லையா என்பார்கள். நிறையவே இருக்கின்றன, வட்டார மணம் என்று சொல்லி அவற்றுக்குச் சலுகை தரத் தேவையில்லை. ஆனால் அது பாடுபவரின் குற்றம், பேச்சின் குற்றம் அல்ல. செந்தமிழில் பெண்ணை இழிவுபடுத்திய பாட்டுக்காக யாரும் செந்தமிழையே விலக்கி வைக்கவில்லை. இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைப் பற்றி 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’ கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதியது. பாடியவரோ கர்நாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றங்கரையிலேயே படமாக்கப்பட்டது. வெளியாள் பாடினால்தான் ஊர் கேட்குமா என்ற கோபம் நியாயமே. சபாக்காரர்களின் காதில் கொசஸ்தலை ஆற்றை ஏற்றியதற்காக அந்தப் பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்துப்போன குப்பங்களுக்கு, இரவல் குரல் போதாது. அங்கேயே கட்டிப் பாடுகிறவர்களை விழா மேடைக்கு அழைக்கும்போது, ‘நாட்டுப்புறக் குழு’ என்று பெயரில்லாமல் அறிவிக்காமல், பாட்டு இவருடையது என்று சொல்லி, கச்சேரிக்காரருக்குத் தரும் அதே சன்மானத்தை அவர்களுக்கும் தர வேண்டும்.