பட்டத்தைப் பிடித்திருக்கும் கயிறுகள்

கைட் சர்ஃபிங்கில் ஆளுக்கும் பட்டத்துக்கும் நடுவே இருப்பது ஒரு பாரும் நான்கு லைன்களும் மட்டுமே. பார் பெரும்பாலும் 45 முதல் 55 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதன் நடுத்துளை வழியே, இழுவையைக் கூட்டிக் குறைக்க உதவும் டிபவர் கயிறு ஓடுகிறது. கயிற்றின் கீழ்முனையில் உள்ள சிக்கன் லூப் என்ற வளையம், சறுக்குபவரின் இடுப்பில் கட்டிய ஹார்னஸ் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். மேல்முனையிலிருந்து இரண்டு முன் லைன்கள் பட்டத்தின் முன்விளிம்புக்குப் போகின்றன. பாரின் இரு நுனிகளிலிருந்து கிளம்பும் பின் லைன்கள் பட்டத்தின் பின்மூலைகளுக்குப் போகின்றன. பாரை உடலை நோக்கி இழுத்தால் பின் லைன்கள் இறுகி, பட்டம் காற்றை அதிகமாக ஏற்கும். தள்ளிவிட்டால் இழுவை குறையும். இழுவையின் பெரும்பங்கை முன் லைன்கள் நேரே இடுப்புக்குக் கொண்டுவருவதால், கைகளுக்கு மிஞ்சுவது திசைதிருப்பும் வேலைதான்.

இந்த அமைப்பு படிப்படியாக வந்து சேர்ந்தது. பிரான்சின் பிரித்தானி கடற்கரையைச் சேர்ந்த புரூனோ, டொமினிக் லெகேன்யூ சகோதரர்கள் காற்றடைத்த விளிம்புள்ள பட்டத்துக்கு 1984 நவம்பரில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1990களில் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பில் ரோஸ்லரும் அவர் மகன் கோரியும் லைனைச் சுருட்டும் உருளை பொருத்திய பாரோடு தண்ணீரில் சறுக்கினார்கள். தொடக்க காலப் பட்டங்களில் இரண்டே லைன்கள். காற்று கூடினால் பாரைக் கைவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். 10 நாட் காற்றில் அடங்கிப் பறந்த பட்டம் 20 நாட்டில் ஆளைத் தூக்கி எறியும். நான்கு லைனும் டிபவரும் வந்தபிறகுதான் இந்த விளையாட்டு பலருக்கும் எட்டியது. இன்று வீட்டில் உட்கார்ந்து பாரைத் திருத்துகிறவர்களின் கைக்குள் இருப்பது அப்படி உருவான சமநிலை. அதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதே முதலில் தெரியவேண்டியது.

தாராளமாகத் தொடக்கூடியது லைன்களின் நீளம். தொடாமல் விடுவதுதான் தவறு என்றுகூடச் சொல்லலாம். முன் லைன்கள் ஓயாமல் பாரம் சுமந்து நாளடைவில் நீண்டுபோகும். பின் லைன்கள் அவ்வளவு இழுபடுவதில்லை. உப்பும் மணலும் பின்னலுக்குள் ஏறிச் சற்றே குறுகவும் செய்யும். ஆக, புதிதாக வாங்கியபோது சமமாக இருந்த நான்கும் ஒரு பருவம் முடிவதற்குள் சமம் இழக்கின்றன. பின் லைன்கள் சில சென்டிமீட்டர் குட்டையானாலே பட்டம் திணறி, முன்னேறாமல் பின்பக்கமாகச் சரியத் தொடங்கும். பட்டம் பழசாகிவிட்டது என்று பலர் முடிவுகட்டும் நேரம் இதுதான். பெரும்பாலும் பழுது பட்டத்தில் இருக்காது.

சரிபார்க்கும் முறை எளிது. நான்கு லைன்களின் பட்டப்பக்க முனைகளையும் வழவழப்பான ஒரே கொக்கியில் மாட்ட வேண்டும். லைன் முழுதும் நீளும் தூரம் பின்னால் போய், முன் லைன்களின் நீளத்தைச் சரிசெய்யும் டிரிம் பட்டையை முழுத் தளர்வில் விட்டு, பாரைச் சிக்கன் லூப் வரை இழுத்துப் பிடித்து உடல் எடையோடு சாய வேண்டும். நான்கும் ஒரே இறுக்கத்தில் நின்றால் சரி. பின் லைன்கள் தொய்ந்தால் அவை நீளம். முன் லைன்கள் தொய்ந்தால் பின் லைன்கள் குட்டை. திருத்தத்துக்குத் தைக்கவோ வெட்டவோ தேவையில்லை. பாரின் நுனியிலிருந்து வரும் தடித்த லீடர் கயிற்றில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும். லைனின் சுருக்கை ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுக்கு மாற்றினாலே போதும். மாற்றும்போது இரு பக்கமும் ஒரே அளவு மாற வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும்.

லைனையே புதிதாகச் செய்ய நினைப்பவர்கள் அதன் பொருளை அறிய வேண்டும். லைன்கள் டைனீமா அல்லது ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் விற்கும் உயர்வலு பாலிஎத்திலீன் இழையால் ஆனவை. எடைக்கு எடை எஃகை மிஞ்சும் வலு. இழுத்தால் ஏறக்குறைய நீளாத தன்மை. மீன்பிடித் துறைமுகக் கடைகளில் எளிதில் கிடைக்கும் நைலான் கயிறு இந்த இடத்துக்கு ஆகாது. நங்கூரத்துக்கு அதன் இழுபடும் குணம் நல்லது. பட்டத்துக்கோ, பாரில் கை செய்வது மேலே போய்ச் சேருமுன் பாதி கரைந்துவிடும். டைனீமாவுக்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று வெப்பம்: சுமார் 145 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு வெகு முன்பே வலு குறையும். ஆகவே லைட்டரால் நுனியைக் கருக்கிக் கட்டியாக்கும் பழக்கம், அருகிலுள்ள நல்ல இழைகளையும் கெடுக்கும். இன்னொன்று வழுக்கல்: சாதாரண முடிச்சு நழுவும், நழுவாமல் பிடித்தாலும் வலுவில் ஏறத்தாழ பாதியைத் தின்றுவிடும்.

அதனால்தான் தெரிந்தவர்கள் முடிச்சுப் போடாமல் ஸ்பிளைஸ் போடுகிறார்கள். உள்ளீடற்ற பின்னல் கயிற்றின் நுனியை வளைத்து, அதே கயிற்றின் வயிற்றுக்குள் ஊசியால் நுழைத்துப் புதைப்பது இது. பாரம் ஏற ஏற வெளிப்பின்னல் உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடிக்கும். புதைக்கும் நீளம் கயிற்றின் விட்டத்தைப் போல் 72 மடங்கு என்பது கயிறு தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. 3 மில்லிமீட்டர் லீடருக்கு சுமார் 22 சென்டிமீட்டர். புதைக்கும் நுனியில் இழைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டி மெலியச் செய்ய வேண்டும். நுனியை மொட்டையாக விட்டால் அது முடியும் இடத்தில் வெளிக்கயிறு திடீரென ஒடுங்கி, அறுந்தால் அங்கேதான் அறும். பாரம் இல்லாதபோது நழுவாமலிருக்கக் கழுத்தில் சில தையல் போட்டால் வேலை முடிந்தது. பொறுமை தேவைப்படும் வேலைதான். ஆனால் கற்றுக்கொள்ளத் தகுந்தது.

அடிக்கடி தேய்வது டிபவர் கயிறு. பாரின் நடுத்துளையில் ஓயாமல் உரசுவதால், பார் வழக்கமாக நிற்கும் இடத்தில் கயிறு மயிரெழும்பி மெலியும். பிளாஸ்டிக் உறை போட்ட கயிறானால் உறைக்குள் இருக்கும் தேய்மானம் வெளியே தெரியாது. விரலால் உருட்டிப் பார்க்கும்போது ஓரிடம் மட்டும் தட்டையாக அல்லது மெத்தென்று இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பழைய கயிற்றை அருகில் நீட்டி வைத்து அதே விட்டம், அதே நீளத்தில் புதியது செய்ய வேண்டும். நீளம் கூடினால் பார் கைக்கு எட்டாமல் போகும். குறைந்தால் இழுவையை முழுதாகத் தணிக்க முடியாது. தடிமன் மாறினால் டிரிம் கிளீட் என்ற கவ்வியின் பல் கயிற்றைப் பிடிக்காது.

லைனை 24 மீட்டருக்கு மேல் நீட்டுவதும் 20க்குக் கீழே குறைப்பதும் ஆசைக்கேற்ற மாற்றங்கள். நீண்ட லைனில் பட்டம் கூடுதல் பரப்பைச் சுற்றிவரும் என்பதால் மெல்லிய காற்றில் உதவும். குட்டை லைனில் சட்டென்று திரும்பும், இழுவை குறையும். பாரின் அகலத்தை மாற்ற நினைத்துக் குழாயை அறுப்பது வேண்டாத வேலை. அறுத்த விளிம்பு லீடரை அரிக்கும். பல பார்களில் நுனிக் கயிற்றின் இடத்தை மாற்றியே அகலத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறது.

வீட்டில் தொடவே கூடாதது குயிக் ரிலீஸ். ஆபத்தில் அதைத் தள்ளியதும் சிக்கன் லூப் திறந்து, பார் ஒரே ஒரு முன் லைனில் வெகுதூரம் மேலேறும். பட்டம் அந்த ஒற்றை லைனில் கொடிபோல் படபடத்து விழும். இந்த ரிலீஸுக்கென்றே 2020இல் ஐஎஸ்ஓ 21853 என்ற சர்வதேசத் தரம் வெளியானது. அரத்தால் தேய்த்த பாகமோ வேறு பாரிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கோ அந்தச் சோதனைகளைக் கண்டதில்லை. நல்ல தண்ணீரில் கழுவி மணலை அகற்றுவதும், பழுதானால் தயாரிப்பாளரின் பாகத்தையே வாங்கிப் போடுவதும்தான் வீட்டு வேலை. ரிலீஸைத் தொடாமலேயே அதைச் செயலிழக்கச் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. நீட்டிப்பு லைனைப் பார்ப்பக்கம் சேர்த்தால், அந்த இணைப்பின் முடிச்சு நடுத்துளைக்கு மேலே வந்து நிற்கும். பார் அதில் தட்டி நின்றுவிடும். பட்டம் விழாமல் இழுத்துக்கொண்டே போகும். நீட்டிப்பைப் பட்டப்பக்கம் சேர்ப்பதே சரி. இடப்பக்கச் சிவப்பு அடையாளத்தையும், முன்பின் மாறாமலிருக்க முனைகளில் வைத்துள்ள முடிச்சு, வளையம் என்ற வேறுபாட்டையும் அப்படியே தொடர வேண்டும்.

திருத்திய பாரின் முதல் சோதனை தரையில்தான். சிக்கன் லூப்பைக் கம்பத்தில் மாட்டி, முழு எடையும் ஏற்றிய நிலையில் ரிலீஸைத் தள்ளிப் பார்க்க வேண்டும். பிறகு முன் லைனில் பார் தடையின்றி மேலேறுகிறதா என்று கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். புது லைன்கள் முதல் சில பறத்தல்களிலேயே கொஞ்சம் நீளும் என்பதால் நீளத்தை மறுபடி அளக்க வேண்டும். கடலில் முதல் நாள் மெல்லிய காற்றாக, கரையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றாக இருக்கட்டும். பட்டத்தை இறக்கி ஏற்ற ஒருவர் கரையில் நிற்கட்டும். பட்டத்தைத் தலைக்கு மேலே நிறுத்திப் பாரை முழுதாக இழுத்துப் பிடித்தும் பட்டம் பின்னால் சரியாமல் நின்றால், அதன்பின் பலகையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகலாம்.